அப்பாவுக்குச் சவரம்

வெந்நீரில் முக்கிப் பிழிந்த துண்டை அப்பாவின் முகத்தில் போர்த்துவதற்கு முன்னால் வயலட் அதைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சுட்டால் சுடுகிறது என்று சொல்லக்கூடிய ஆள் இல்லை இப்போது அவர். இரண்டு மாதத்துக்கு முன்பென்றால் துண்டு பக்கத்தில் வருவதற்குள்ளேயே ‘யாருட்டி நீ, என்னக் கொல்லப் பாக்கியா’ என்று தெருமுழுக்கக் கேட்கும்படி ஒரு சத்தம் வந்திருக்கும். எதிர்வீட்டுக் குக்கர்கூட மாமாவைக் கேட்டுக்கொண்டுதான் விசிலடிக்கும் என்று அவள் கணவர் பொன்ராஜ் சொல்லிச் சிரிப்பார், சிரிக்க முடிந்த நாட்களில். இப்போது பின்கட்டு வராந்தாவில், பிளாஸ்டிக் நாற்காலியில், கழுத்தைச் சுற்றிப் பழைய வேட்டித்துண்டோடு, காலை வெயில் முழங்காலில் விழ, சும்மா உட்கார்ந்திருக்கிறார் ஞானசிகாமணி. துண்டுக்கு அடியில் மூக்கும் தாடையெலும்பும் அவள் உள்ளங்கைக்குத் தட்டுப்பட்டன. தன் ஐம்பத்திரண்டு வயதில்தான் அப்பாவின் முகம் இப்படி இருக்கும் என்று கைக்குத் தெரியவந்திருக்கிறது. சின்னப்பிள்ளையில்கூடத் தொட்டதாக நினைவில்லை. கையைத் தொட்டிருக்கிறாள், ஆலயத்துக்குப் போகும்போது ரோட்டைக் கடக்க. காலைத் தொட்டிருக்கிறாள், கல்யாணத்தன்று. முகத்தை யார் தொட்டார்கள், அம்மா தொட்டிருப்பாளா, தெரியாது. வீட்டுக்கே வந்து சவரம் செய்துகொண்டிருந்த ஆள், அப்பா கிண்ணத்தைத் தட்டிவிட்டுக் கையைக் கடித்த அன்றைக்கே போதும் என்று போய்விட்டார். இப்போது கூப்பிட்டால் வருவார், கடிக்கமாட்டாங்க, வாங்க என்று சொல்லலாம். வயலட் சொல்லவில்லை. தான் செய்வது அவருக்குப் பழகிவிட்டது என்று பொன்ராஜிடம் சொல்லியிருக்கிறாள், அது முழு உண்மையில்லை. துண்டை எடுத்ததும் முகம் சிவந்து, ஈரமாக, எதையும் கேட்காமல் அவளை ஏறிட்டது. ஜன்னல் விளிம்பில் மாத்திரை அட்டை வெயிலில் மின்னியது. சவரம் முடிந்ததும் காப்பி, காப்பிக்கு முன்னால் மாத்திரை. முழுசா, பாதியா, இல்லவே இல்லையா. இன்றைக்குள் முடிவைச் சொல்லுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். பிரஷ்ஷைச் சோப்பில் சுற்றினாள் வயலட், சுற்றிக்கொண்டேயிருந்தாள், நுரை வந்து வெகுநேரமான பிறகும்.

வலது கன்னத்திலிருந்து ஆரம்பித்தாள். தோல் எலும்பைவிட்டு இறங்கித் தொங்கியது, இடது கட்டைவிரலால் காதோரம் மேலே இழுத்துப் பிடித்தால்தான் பிளேடு ஓடும். அவளுடைய வலது மணிக்கட்டு முழுசாகத் திரும்பாது, அதை முழங்கையால் ஈடுகட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். அவர் தள்ளியதில் ஒடிந்த மணிக்கட்டு. மில்லுக்கு நேரமாச்சு, கதவத் திற என்று அவர் நின்றதும், மில்லு மூடி வருஷக்கணக்காகுதுப்பா என்று அவள் சொன்னதும், சொல்லியிருக்கக்கூடாது, சொன்னாள், அவருடைய இரண்டு கையும் அவள் நெஞ்சில் பட்டதும், அப்புறம் மாடிப்படியின் சிமெண்ட் விளிம்பும். விழுந்து கிடந்தபோது வலியைவிட முன்னால் வந்தது ஒரு ஆச்சரியம், இவ்வளவு பலமா இன்னும் இந்த உடம்பில் என்று. கட்டுப் போட்ட கையோடுதான் அவரை அந்த டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். சின்ன வயசுப் பெண், அவசரப்படாமல் கேட்டாள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், “முன்னாடி அப்பா எப்படி? சுபாவமே கோபக்காரரா, இல்ல இந்த மறதி வந்த பிறகுதான் இப்படியா?” என்றாள். அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா கதவுப் பிடியை ஆட்டிக்கொண்டிருந்தார். “தங்கமான மனுஷன் டாக்டர்,” என்றாள் வயலட், “ஒரு சுடுசொல் சொல்லமாட்டாங்க.” பொன்ராஜ் திரும்பி அவளைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார், இன்றுவரை அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னாள்? அந்நியர் முன்னால் அப்பாவை விட்டுக்கொடுக்கக்கூடாது என்றா? கோபம் நோயினுடையது என்றால்தான் மருந்து கிடைக்கும் என்று உள்ளே ஏதோ ஒன்று கணக்குப் போட்டதா? டாக்டரம்மா தலையாட்டி எழுதினாள். அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை வீட்டுக்கு வந்தது. வாரம் திரும்புவதற்குள் கோபம் போயிற்று. கோபம் போன வழியிலேயே ஒவ்வொன்றாகப் போயின. நடை போய், கால் தரையில் உராய்ந்து இழுபட்டது. முகத்தின் சுளிப்பு போய் மெழுகு பூசியதுபோல் ஆயிற்று. வாயோரம் எச்சில் வடிந்தது, தண்ணீர் குடித்தால் புரை ஏறியது. முந்தாநாள் மறுபடி போனபோது டாக்டரம்மா அவர் கையை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, “இது மாத்திரையால வர்ற இறுக்கம். இந்த வயசுல, இந்த நோயோட, இதுல வேற ஆபத்தும் இருக்கு, பக்கவாதம் வரலாம், அதுக்கு மேலயும் ஆகலாம், ஆரம்பிக்கிறப்பவே சொன்னேன்ல? குறைச்சு, நிறுத்திப் பாக்கலாம். பழைய கோபம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். நீங்க குடும்பமா பேசி எனக்குச் சொல்லுங்க,” என்றாள். குடும்பமா. பிளேடு காதடியிலிருந்து தாடைவரை ஒரு பட்டை வெட்டிக்கொண்டு இறங்கியது, நுரைக்கு நடுவில் தோல் ஒரு பாதைபோலத் தெரிந்தது. பழைய கோபம் என்று டாக்டரம்மா சொன்னது இரண்டு மாதத்துக்கு முந்திய கோபத்தை. அதற்கும் முந்தியதை அவளுக்கு யார் சொன்னார்கள்?

அடுக்களையில் போன் அடித்தது, பொன்ராஜ் எடுத்து, “மச்சான், அவ அங்க மாமாவுக்குச் சவரம் பண்ணுதா, இரு குடுக்கேன்,” என்று சொல்லிக்கொண்டே வந்து அதை ஒலிபெருக்கியில் போட்டு ஜன்னல் விளிம்பில், மாத்திரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். சென்னையிலிருந்து தம்பி கிங்ஸ்லி. “யக்கா, டாக்டர்ட்ட சொல்லிட்டியா?” என்றான். இன்னும் சொல்லல என்றாள். “இதுல யோசிக்க என்ன இருக்கு? நேத்து வீடியோல பாத்தேன்ல, எவ்வளவு அமைதியா இருந்தாங்க. அப்பாவ நான் அப்படிப் பாத்ததே இல்ல.” “அமைதியா இல்லடா கிங்ஸ்லி. ஆளே இல்ல.” “ஆள் இருந்தப்ப உன் கைய ஒடிச்சாங்க.” அவள் பிளேடைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசினாள், நரைமுடியும் நுரையும் மிதந்தன. “தண்ணி குடிச்சா புரை ஏறுது,” என்றாள். “சாப்பாடு நெஞ்சுக்குள்ள போய் சளியாயிடும்ங்காங்க டாக்டரம்மா.” “மாத்திரை போடலன்னாலும் இந்த நோய்ல அதெல்லாம் வரும், நானும் கேட்டுட்டுதான் சொல்லுதேன். நிறுத்தி, திரும்ப அவங்க கைய ஓங்கினா அத்தானும் நீயும் என்ன செய்வீங்க? ஹோம்லதான் விடணும். அதுக்கு நீ ஒத்துக்குவியா?” ஹோமில் அவரை யாரென்று நினைப்பார்கள், கையைக் காலைக் கட்டுவார்களா, அங்கேயும் மாத்திரைதானே கொடுப்பார்கள், இன்னும் கூட்டித்தானே, என்று அவள் நினைப்பு ஓடியது, ஓடி முடிவதற்குள் தம்பியின் குரல் இளகியது. “நீ எதுக்கும் மனசப் போட்டுக் குழப்பிக்காத. நீ என்ன முடிவு எடுத்தாலும் எனக்குச் சரி.” இந்த வாக்கியத்துக்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். அன்பாகச் சொல்கிறான், அன்பாகத்தான் சொல்கிறான், சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்விடுவான், மின்தூக்கியில் ஏறும்போது நெஞ்சு லேசாகிவிடும். “சரிடா, பொறவு பேசுதேன்.” போன் அணைந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார், குரல் வந்த இடத்தை, குரல் போனபிறகும். “கிங்ஸ்லிப்பா, உங்க மவன்,” என்றாள். அவர் தலையை ஆட்டினார். யாரென்று சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பார்.

மேலுதட்டுக்கு வந்தாள். மூக்கு நுனியை இரண்டு விரலால் மெல்லத் தூக்கிப் பிடிக்கவேண்டும், இப்படி ஒருவர் மூக்கைப் பிடிப்பது விளையாட்டுப்போல இருக்கிறது, அவர் மூக்கு, மில் கேட்டில் கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று எல்லோரையும் மோப்பம் பிடித்த மூக்கு. நூல்மில்லில் டைம் கீப்பர். சங்கு ஊதி முடிந்ததும் கேட்டை இழுத்துப் பூட்டுவது அவர் வேலை, பூட்டின பிறகு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதும். பள்ளிக்கூட விடுமுறையில் தூக்குவாளியோடு போன வயலட் ஒருநாள் பார்த்தாள், வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு, சார், பஸ்ஸு பஞ்சராயிட்டு சார் என்று நிற்க, அப்பா கடிகாரத்தைக் காட்டி, “அது சொல்லுது, நான் சொல்லல,” என்றார். குரலை உயர்த்தவேயில்லை. வீட்டில்தான் உயர்த்துவார். வீட்டுக்கும் ஒரு கேட் இருந்தது, ஆறு மணிக்குத் தாழ் விழும், கல்லூரியில் படிக்கையில் சைக்கிள் சங்கிலி அறுந்து உருட்டிக்கொண்டு வந்த ஒருநாள் அவள் வெளியே நின்றாள், உள்ளே அம்மா ஜன்னலோரம் நின்றாள், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, நடுவில் முற்றத்தில் அவர் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டு. தங்கமான மனுஷன் டாக்டர். அந்த மனுஷனுக்கும், படிக்கட்டில் தள்ளினவருக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது? நோய் எங்கே தொடங்கிற்று? கோபம்தான் நோய் என்றால் அவர் பிறந்ததிலிருந்து நோயாளி. இல்லை, கோபம்தான் அவர் என்றால் இந்த மாத்திரை நோயைக் குணப்படுத்தவில்லை, அவரைத்தான் அழித்திருக்கிறது, கொடுத்தது அவள். பாதியாகக் குறைத்தால் பாதி அப்பா வருவாரா, வந்தால் எந்தப் பாதி? பெயர் சொல்லிக் கூப்பிடாவிட்டாலும் வையும்போது மட்டும் அவருக்கு அவள் யாரென்று தெரிந்திருந்தது, ‘உங்க ஆத்தாள மாதிரியே நிக்கிறா பாரு’ என்பார், அதில் ஒரு உறவு இருந்தது, வசவுக்குள் ஒரு விலாசம் இருந்தது, இப்போது அதுவும் இல்லை. இதே நோய் அவளுக்கும் வரும் என்று ஒரு எண்ணம் எங்கிருந்தோ வந்து பிளேடைப் பிடித்த விரலில் குளிராக உட்கார்ந்தது. போன வாரம் தபாலாபீசில் தன்னோடு வேலைபார்க்கிற பெண்ணின் பெயர் வாயில் வரவில்லை, லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்த பிறகு பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது. நாளைக்கு யாரோ ஒரு டாக்டர் அவளுடைய மகளிடம் கேட்பார், அம்மா முன்னாடி எப்படி? மகள் என்ன சொல்லுவாள். சொல்லத்தக்கதாக என்ன இருக்கிறது. அப்பாவைப் பார்த்துக்கிட்டாங்க என்பாளா? பார்த்துக்கொண்டேன் என்றால் இதுவா, இந்த மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதா, இந்த முகம் திமிறாமல் கையில் கிடைக்கிறதே என்று உள்ளுக்குள் எங்கேயோ ஒரு சுகம், ஆமாம் சுகம்தான், அதை வேறு என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

“அண்ணாந்து பாருங்கப்பா,” என்று நாடியைப் பிடித்துத் தூக்கினாள். தொண்டை நீண்டது, வரிவரியாக, நடுவில் அந்தக் குமிழ். தொண்டைக்குக் கீழிருந்து மேலே கொண்டுவரவேண்டும், மணிக்கட்டு திரும்பாததால் அவள் அவர் பின்னால் பாதி சாய்ந்து நிற்கவேண்டியிருந்தது, அவருடைய தலை அவள் வயிற்றில் சாய்ந்தது, தலையின் கனம், சோப்பு வாசனை, தோலுக்கடியில் துடிக்கிற ஒரு நரம்பு, பிளேடு குமிழுக்குப் பக்கத்தில் வந்த நேரம் பார்த்து அவர் எச்சிலை விழுங்கினார். குமிழ் எழும்பியது. ஒரு நூல் அளவு கோடு, முதலில் வெள்ளையாக, பிறகு சிவப்பாக, நுரைக்குள் இளஞ்சிவப்பாகப் பரவியது. அவள் பிளேடைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுத் துண்டை எடுத்து அழுத்தினாள், அழுத்திக்கொண்டே, ஒண்ணுமில்லப்பா, லேசாத்தான், லேசாத்தான் என்றாள், அவருக்கா தனக்கா என்று தெரியாமல். சத்தத்துக்காக உடம்பு காத்துக்கொண்டிருந்தது. தோள் தானாகவே உள்வாங்கிக்கொண்டது, காது அடைத்தது. சத்தம் வரவில்லை. அப்பா கையை மெதுவாகத் தூக்கிக் கழுத்தைத் தொட்டார், விரல் நுனியைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து பார்த்தார், பிறகு தலையைப் பின்னால் சாய்த்து அவளை, தலைகீழாக, பார்த்தார். “மன்னிச்சிருங்க,” என்றார். குரல் ஈரமாக, தேய்ந்து இருந்தது. “நாந்தான் அசைஞ்சிட்டேன். உங்க வேலைக்கு இடைஞ்சல் பண்ணிட்டேன்.”

அவள் துண்டை அழுத்தியபடியே நின்றாள். இந்தச் சொல் இந்த வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை. வருஷங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள், ஒருதரமாவது, யாரிடமாவது. கண்ணாடியைக் காணோம் என்று அம்மாவைப் பேசிப்பேசி, அம்மா அன்று முழுக்கச் சாப்பிடாமல் கட்டிலுக்கடியிலெல்லாம் தவழ்ந்து தேடி, சாயங்காலம் அவருடைய சட்டைப் பையிலேயே அது கிடைத்தபோது, “பைக்குள்ள பாக்கணும்னு தோணிச்சா உனக்கு,” என்றவர். அம்மாவின் கடைசி நாட்களில், ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று, வீட்டுச் சாவியை எங்க வச்ச என்று கேட்டவர். கல்லறையில் மண் போடும்போதுகூட உதடு அசைகிறதா என்று வயலட் பார்த்தாள், அசையவில்லை. ஐம்பது வருஷமாக இந்தச் சொல் எங்கே இருந்தது? கோபத்துக்கு அடியில் இருந்ததா, மாத்திரை மேல்மண்ணை அள்ளிவிட்டதும் வெளியே தெரிகிறதா, அப்படியானால் கொடுக்கலாமே, முழுசாகவே கொடுக்கலாமே, இறுக்கமும் புரையும் என்ன வந்தாலும் சாகிறதுக்கு முன்னால் இதைச் சொல்லிவிட்டாவது போகட்டுமே. அவளுக்குக் கண் கலங்கி முற்றம் மங்கியது. மங்கலுக்குள் அந்தக் குரலை மறுபடி கேட்டுப் பார்த்தாள், மன்னிச்சிருங்க, நாந்தான், என்று அது முடிகிற விதம், கடைசி எழுத்தில் இறங்கிப் பம்முகிற விதம், அது எங்கேயோ கேட்ட விதம், வேறெங்கேயும் இல்லை, இதே வீட்டில் கேட்டது, அம்மா பேசுகிற விதம். செய்யாத தப்புக்கு முந்திக்கொண்டு, அடி இறங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிற விதம். இது மன்னிப்புக் கேட்கிறது இல்லை. இது பயம். அவர் அவளைப் பார்த்துப் பயப்படுகிறார். கத்தி வைத்திருக்கிற, சாப்பாடு கொடுக்கிற, கதவைப் பூட்டுகிற, யாரென்று தெரியாத ஒரு பெண்பிள்ளை. அவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அம்மாவை உட்காரவைத்திருக்கிறது மாத்திரை. அம்மா நின்ற இடம், கிங்ஸ்லி நின்ற இடம், வயலட் நின்ற இடம். எதிரே நிற்கிற இடம் காலியாக இருந்தது, அதில் இப்போது அவள் நிற்கிறாள்.

துண்டை எடுத்துப் பார்த்தாள், இரத்தம் நின்றிருந்தது. பாதி முகம் வழித்தும் பாதி முகத்தில் நுரை காய்ந்தும் அவர் இருந்தார். “காப்பி ஆறுது வயலட்டு,” என்று பொன்ராஜ் டம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கழுத்தைப் பார்த்து, “என்னது?” என்றார். “பட்டுட்டுது,” என்றாள். “சத்தமே கேக்கலியே.” “சத்தம் போடல.” “கிங்ஸ்லிட்ட என்ன சொன்ன?” “பொறவு பேசுதேன்னேன்.” “எனக்கு என்ன தோணுதுன்னா,” என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார், “இல்ல, நீயே பாத்துக்க,” என்று உள்ளே போனார். எல்லோரும் அவளையே பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கினாள். உள்ளங்கையில் அது ஒன்றுமில்லாததுபோல இருந்தது, ஒரு ஊது ஊதினால் முற்றத்தில் போய் விழுந்துவிடும், கோழி கொத்திவிடும். பாதி என்று முடிவு செய்தாள். முடிவு செய்துவிட்டேன் என்று தோன்றியதே ஒரு ஆறுதலாக இருந்தது. நகத்தால் நடுக்கோட்டில் அழுத்தி உடைத்தாள். பாதியைக் கொடுப்போம், டாக்டரம்மாவிடம் பாதி என்று சொல்லுவோம், கால் இழுபடுவது குறையட்டும், தண்ணீர் ஒழுங்காக இறங்கட்டும், கோபம் வந்தால் வரட்டும், கேட்டுப் பழகின கோபம்தானே, கை ஒடிந்தால் இன்னொரு கை. “வாயத் திறங்கப்பா.” அவர் உடனே திறந்தார். நாக்கை நீட்டினார். ஒரு பாதியை நாக்கில் வைத்து, ஸ்பூனால் காப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். விழுங்கினார். புரை ஏறவில்லை. மறுபாதி அவள் கையில் இருந்தது. அதைத் திரும்ப அட்டைக்குள் வைக்கவும் முடியாது, எறியவும் கை வரவில்லை. சத்தம் இல்லாத காலை, வெயில், தூரத்தில் உப்பு லாரி ஒன்று கியர் மாற்றிப் போகிற ஒலி. இந்த இரண்டு மாதத்தில்தான் அவள் தூங்குகிறாள். இந்த இரண்டு மாதத்தில்தான் செருப்புச் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளாமல் இருக்கிறது, ஐம்பது வருஷத்தில் முதல்தடவை. அவர் சொன்னது பயத்தினால் என்றாலும் சொன்னாரே. பயத்தில் வந்த சொல் என்றாலும் சொல்தானே. இன்னொருதரம், காரணம் எதுவாக இருந்தாலும், இன்னொருதரம் கேட்கவேண்டும்போல இருந்தது அவளுக்கு. அப்படி இருந்தது என்று தெரிந்தபோது தன்னைப் பார்க்கவே கூசியது. கூசியபோதும் அது போகவில்லை. அப்பா வாயை மூடவில்லை. மூடச் சொல்லவில்லையே என்று திறந்தபடி வைத்திருந்தார். அவள் மறுபாதியையும் உள்ளே வைத்தாள்.

காப்பி முடிந்தது. வாயைத் துடைத்துவிட்டாள். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, “அப்படியே இருக்கட்டும்னு பாக்கோம் டாக்டர்,” என்றாள், குடும்பமாகப் பேசினீர்களா என்றதற்கு ஆமாம் என்றாள். ஏதாவது மாற்றம் தெரிந்தால் உடனே வரவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதற்குச் சரி என்றாள். கிண்ணத்துத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வேறு தண்ணீர் கொண்டுவந்தாள். இடது கன்னத்தில் நுரை காய்ந்து செதிலாகியிருந்தது, மறுபடி போடவேண்டும். பிரஷ்ஷைச் சோப்பில் சுற்றினாள். “அப்பா, கொஞ்சம் முன்னால என்ன சொன்னீங்க?” என்றாள், கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே. அவர் யோசித்தார். நெற்றியில் ஒரு சுருக்கம் விழப்பார்த்து, விழாமல் போயிற்று. “நான் ஒண்ணும் சொல்லலியே,” என்றார். பிரஷ்ஷோடு அவள் கையை உயர்த்தினாள். அவர் தானாகவே முகத்தைத் திருப்பி, இடது கன்னத்தைக் காட்டி, கண்களை இறுக்க மூடிக்கொண்டார்.